துவாயும் டவலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

வன்னியில் கிணற்றடிக்குப் போகிறவரின் தோளில் கிடப்பது துவாய். அதையே வவுனியாக் கடையில் வாங்கும்போது சிலர் டவல் என்று கேட்பார்கள். துவாய் நம்முடைய பழைய சொல், டவல் வெள்ளைக்காரன் சொல் என்றுதான் பலருக்கும் நினைப்பு. துவாயும் வெளியிலிருந்து வந்ததுதான். அதுமட்டுமல்ல, இரண்டும் ஒரே இடத்தில் பிறந்து, வேறு வேறு பாதையில் நடந்து, கடைசியில் நம் கிணற்றுக்கட்டில் சந்தித்துக்கொண்ட சொற்கள்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் கழுவுவதற்கு 'த்வாகன்' என்பதுபோல ஒலிக்கும் ஒரு வினை இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் கோதிக் மொழிக்குப் பெயர்க்கப்பட்ட பைபிளில் இந்த வினை எழுத்தில் கிடைக்கிறது. கழுவியபின் துடைக்கிற துணிக்கு அதிலிருந்து ஒரு பெயர் உண்டாயிற்று. ஜெர்மானியக் கூட்டங்கள் ரோமப் பேரரசின் நிலங்களில் குடியேறியபோது அந்தப் பெயரும் கூடவே போய், லத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளுக்குள் புகுந்தது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலேயர் அதை வாங்கினார்கள், அதுதான் டவல். போர்த்துக்கேயர் வாயில் அது 'துவால்யா' ஆயிற்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. 1658இல் ஒல்லாந்தர் பிடிக்கும்வரை அவர்கள் ஆண்டார்கள். வன்னியின் குறுநில ஆட்சிகளான வன்னிமைகள் அவர்களுக்கு முழுதாக அடங்கிக் கிடக்கவில்லை. ஆனால் சொற்களை யார் மறிப்பது? கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான். துவாயும் அவற்றோடு வந்தது. தமிழ்நாட்டில் அதையே துவாலை என்கிறார்கள்.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒலி ஒன்றுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. சொல்லாராய்ச்சியில் மிகவும் ஏமாற்றுவது ஒலி ஒற்றுமைதான்.

நம்பகமான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மொழியில் ஓர் ஒலி மாறத் தொடங்கினால், ஒரு சொல்லில் மட்டும் மாறி நிற்பதில்லை. அதே சூழலில் வரும் எல்லாச் சொற்களிலும் ஒரே மாதிரி மாறுகிறது. சமஸ்கிருதத்திலிருந்து நம்மிடம் வந்த மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தசம், தந்தம், உதகம். தசம் என்றால் பத்து, ஆங்கிலத்தில் டென். தந்தம் என்றால் பல், ஆங்கிலத்தில் டூத். உதகம் என்றால் நீர், ஆங்கிலத்தில் வாட்டர். சமஸ்கிருதத்தில் நாக்கு மெதுவாகப் பல்லைத் தொட்டு எழும் ஒலி எங்கே இருக்கிறதோ, அங்கே ஆங்கிலத்தில் அழுத்தமான ட் நிற்கிறது. ஒருமுறை என்றால் தற்செயல். பட்டியல் நீள நீள அது விதி. டென்மார்க்கின் மொழி ஆய்வாளர் ராஸ்க் 1818இல் இந்த ஒத்திசைவைக் கவனித்து எழுதினார். ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இல் அதை ஒழுங்கான விதியாக வகுத்தார். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். கழுவுவதற்கான ஆங்கிலச் சொல் வாஷ், வாட்டர் பிறந்த அதே வேரில் பிறந்தது. ரஷ்யரின் வோட்காவும் அந்தக் குடும்பம்தான். அங்கே அதற்குச் சின்னத் தண்ணீர் என்று பொருள். குடிகாரர்கள் எங்கேயும் செல்லப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

டவலும் இந்தப் பரிசோதனையில்தான் மாட்டிக்கொண்டது. ஜெர்மானிய மூலத்தில் அதன் முதல் ஒலி, நாக்கைப் பல்லிடையில் வைத்துக் காற்றை விடும் ஒலி. திங்க், த்ரீ போன்ற சொற்களின் தொடக்கத்தில் வருவது. ஆங்கிலம் அந்த ஒலியை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. டவல் ஆங்கிலேயரின் சொந்தப் பரம்பரைச் சொல்லாக இருந்தால் அதுவும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அது ட் என்று தொடங்குகிறது. அந்த ஒலியைச் சொல்ல வராத யாரோ இடையில் கைமாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அந்த யாரோ பிரெஞ்சுக்காரர். ஒரே ஒரு மெய்யெழுத்து, ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் கதைகள் உள்ளே வந்துவிடும். சோப் என்ற சொல்லுக்கு, ரோமாபுரிக்குப் பக்கத்தில் சாப்போ என்றொரு மலை இருந்தது, அங்கே பலியிட்ட விலங்குகளின் கொழுப்பும் சாம்பலும் மழையில் கரைந்து ஆற்றில் சேர, துணி வெளுத்தவர்கள் கண்டுகொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் அந்த மலைக்குச் சான்று கிடையாது. 1ஆம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி சொல்வது வேறு: அது காலியர் (இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் வாழ்ந்த பழைய மக்கள்) கண்டுபிடித்தது, கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்தது, தலைமயிரைச் சிவப்பாக்கப் பூசுவது. அழுக்கு எடுப்பது பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. நம்முடைய சவர்க்காரம் இந்த விஷயத்தில் நேர்மையானது. கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றுவது எதுவோ, அந்தக் காரத்தையே பெயரில் வைத்திருக்கிறது.

ஸ்பாவும் இப்படித்தான். 'நீரால் நலம்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் என்பார்கள். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஓர் ஊர், அவ்வளவுதான்.

இனி முக்கியமான இரண்டு சொற்களுக்கு வரலாம். ஆங்கிலத்தின் பாத் சூடாக்குதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தண்ணீரில் இறங்குவது அதன் ஆதிப் பொருளில் இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் ஏறத்தாழ 46 பாகை செல்சியசில் பொங்கும் வெந்நீர் ஊற்றுகளால்தான். குளிர்நாட்டுக்காரனுக்குக் குளியல் என்றால் முதலில் சூடு. நமக்குச் சூட்டில் குளிக்க வேண்டுமென்றால் கன்னியாவின் ஏழு கிணறுகளைத் தேடித் திருகோணமலைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் தமிழின் குளி, குளிரிலிருந்து வந்ததா? உடலைக் குளிர்வித்தலே குளித்தல் ஆயிற்று என்ற விளக்கம் சமூக ஊடகங்களில் வருடத்துக்குப் பலமுறை சுற்றுகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. பழைய தமிழில் குளித்தல் என்றால் மூழ்குதல். குடித்தவனுக்கு நியாயம் சொல்வது 'கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ அற்று' என்கிறது குறள் 929. நீருக்கடியில் மூழ்கியவனைப் பந்தம் கொளுத்தித் தேடுவது போலாம். அங்கே குளித்தவன் உடம்பு கழுவப் போனவனல்ல. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மன்னார்க் கரையில் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் கேட்டால் முத்துக்குளிப்பு என்பார்கள். காலில் கல்லைக் கொடுத்துக் கடலடிக்கு இறங்கியவர்கள் வெக்கை தணிக்கவா இறங்கினார்கள்? கழுவுதல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. மூழ்குதல் என்ற பழைய பொருள் முத்தோடு மட்டும் நின்றுவிட்டது. பழைய பொருள்கள் இப்படித் தொழிற் பேச்சிலும் பழந்தொடர்களிலும்தான் தங்கும். தேடுகிறவர்கள் அங்கேதான் தேட வேண்டும்.

வன்னியில் தலையோடு நனைவதற்குத் தோய்தல் என்ற சொல்லும் இருக்கிறது. "தோய்ஞ்சிட்டு வாறன்" என்றால் ஆள் தலைக்கும் தண்ணீர் வார்க்கப் போகிறார். மேல் கழுவுவது வேறு. அதே வினை பிறவினையானால் உடுப்புத் தோய்ப்பது. முழுகுதலும் உண்டு, ஆனால் "அவ முழுகாமல் இருக்கிறா" என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த பேச்சு அது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் இங்கே நன்றாக இடறி விழுவார்.

ஷவர் பழைய ஆங்கிலத்தில் சட்டென்று பெய்து ஓயும் மழை. ஷாம்பூ இந்தியில் 'அமுக்கு' என்ற ஏவல். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது உடம்பு பிடித்துவிடுவதற்குத்தான் பெயர். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலோடு அதைத் தொழிலாக நடத்தினார். தலைமயிருக்கு அது ஏறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். தண்ணீரைப் பீய்ச்சி உடம்பைப் பிடித்துவிடும் தொட்டிக்குச் சொல்லும் ஜக்குசி, கலிபோர்னியாவுக்குக் குடியேறிய இத்தாலியக் குடும்பமொன்றின் பெயர். அவர்கள் செய்துகொண்டிருந்தது விவசாயத்துக்கான தண்ணீர்ப் பம்புகள். குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் மூட்டுவாதத்துக்காகத் தொட்டியில் வைக்கும் பம்பு ஒன்றைச் செய்யப்போய் இப்படி ஆயிற்று. தோட்டத்துக்கு இறைக்கும் மிசினின் குழாய் வாயில் முதுகைக் கொடுத்து நிற்கும் எங்கள் பொடியன்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது.

கடைசியாக ஒரு வேடிக்கை. லாவட்டரி என்றால் முதலில் கைகால் கழுவும் இடம். டாய்லெட் பிரெஞ்சில் ஒரு சிறு துணி. பிறகு அது விரித்த ஒப்பனை மேசை, பிறகு அலங்காரம், பிறகுதான் இன்றைய பொருள். சொல்லக் கூச்சப்படும் இடத்துக்குச் சுத்தமான ஒரு சொல்லைக் கடன் வாங்குவார்கள், நாளடைவில் அதுவும் நாறிப்போகும், அடுத்ததைத் தேடுவார்கள். ஒல்லாந்தர் அந்த இடத்துக்குக் கூச்சமில்லாமல் வைத்த பெயரைத்தான் நாம் கக்கூஸ் என்று எடுத்துக்கொண்டோம். அப்புறம் நமக்கும் கூச்சம் வந்தது. இப்போது கிளிநொச்சியில் ஒருவர் பாத்ரூமுக்குப் போகிறேன் என்றால், அவர் கையில் துவாய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.