மதுரை வெயிலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்

செடிகள் வளர்க்கும் மீன்தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர்களிடையே ஓர் அறிவுரை வழங்கிவருகிறது: ரெகுலேட்டரில் (சிலிண்டரின் உயரழுத்தத்தைக் குறைத்து வெளிவிடும் கருவி) சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை கவலை இல்லை, அது இறங்கத் தொடங்கினால் வாயு தீரப்போகிறது, உடனே சிலிண்டரை மாற்றிவிட வேண்டும். குளிர்நாட்டு அறைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். மதுரையில் இதை அப்படியே கடைப்பிடிப்பவர், பாதி வாயு மிச்சமிருக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்.

நிரப்பிய சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. அதன் மேல் ஆவி நிற்கிறது. வாயுவைச் சிறுகச் சிறுக விடும் நீடில் வால்வு வழியே சிறிது ஆவி வெளியேறினால், அதை ஈடுகட்டும் அளவுக்குத் திரவம் ஆவியாகிவிடுவதால் அழுத்தம் மாறுவதில்லை. அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே: 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 57 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்), 25 டிகிரியில் 64 பார், 30 டிகிரியில் 72 பார். மார்கழி விடியற்காலையில் 57-ஐ ஒட்டி நின்ற முள் பிற்பகலில் 65-க்கு ஏறியிருந்தால், இடையில் யாரும் வந்து வாயு நிரப்பிவிட்டுப் போகவில்லை. அறை சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெப்பம் ஏற ஏறத் திரவம் விரிந்து அடர்த்தி குறைகிறது. மேலே நிற்கும் ஆவியின் அடர்த்தியோ கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 31 டிகிரியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன; அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. பெல்ஃபாஸ்ட் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ், இந்த மாறுநிலை வெப்பநிலையைக் கார்பன் டை ஆக்சைடை வைத்தே ஆராய்ந்து 1869-இல் விளக்கினார். அவர் சூடேற்றிப் பார்த்த அந்த எல்லையை, மதுரையில் பங்குனி தொடங்கிப் பல மாதங்கள், கூடத்து மூலையில் நிற்கும் சிலிண்டர் நண்பகலில் தானாகவே தாண்டிவிடுகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 கிலோ வாயு கொள்ளும் சிலிண்டரின் உட்கொள்ளளவு வழக்கமாக 3 லிட்டர் அளவில் இருக்கும். அறை 20 டிகிரியில் இருந்தால், கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியாகி முள் இறங்கத் தொடங்கும்போது உள்ளே ஏறத்தாழ 600 கிராம் மிஞ்சியிருக்கும். அறை 30 டிகிரியில் இருந்தால், 1 கிலோ மிச்சமிருக்கும்போதே திரவம் முழுவதும் மறைந்து முள் இறங்கத் தொடங்கிவிடும், ஏனெனில் அந்த வெப்பத்தில் அத்தனை வாயுவும் ஆவி வடிவிலேயே 3 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் சிலிண்டர் 40 டிகிரியைத் தொட்டால் முள் நிலையாக நிற்கும் கட்டமே இல்லை: புதிதாக நிரப்பியபோது 100 பாருக்கு மேல் காட்டி, முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டு வரும்.

நம்பத் தகுந்தது எடைதான். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் கேஜே கிடையாது. வெற்று எடையைக் கழித்துத்தான் உள்ளிருப்பதை அறிகிறோம். இங்கும் சிலிண்டரின் தோளில் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணில் வால்வு சேர்ந்திருக்கிறதா என்பதை நிரப்பும் கடையில் கேட்டுக்கொள்வதும், ரெகுலேட்டரைத் தனியே ஒருமுறை எடை போட்டுக் குறித்துவைத்துக்கொள்வதும் நல்லது. பிறகு வாரம் ஒருமுறை, எல்லாம் மாட்டியபடியே, சிலிண்டரை நிமிர்த்திய நிலையில் தராசில் வைத்தால் போதும். வாரத்துக்கு 60 கிராம் குறைந்து, 600 கிராம் மீதம் இருந்தால் பத்து வாரங்கள் ஓடும். தொட்டிக்குப் போகும் வாயுக் குமிழிகளின் எண்ணிக்கை மாறாதிருக்க, ஒரு வாரத்தில் மட்டும் 150 கிராம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வாஷர் இருக்கும் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். கேஜை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கசிவு கடைசிவரை தெரியாமலே போகக்கூடும்.

அதற்காகச் சிலிண்டரை ஒட்ட உறிஞ்சிவிடுவதும் சரியன்று. அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில், உள்வரும் உயரழுத்தம் உள்ளிருக்கும் அடைப்பானை மூடும் திசையில் தள்ளுகிறது. சிலிண்டரின் அழுத்தம் தளரத் தளர அந்தத் தள்ளல் குறைகிறது. சுருள்வில் அடைப்பானைக் கூடுதலாகத் திறக்கிறது. வெளிவரும் அழுத்தம் ஏறுகிறது. மலிவான நீடில் வால்வு இதைத் தாங்காமல், நொடிக்கு இரண்டு குமிழி விட்ட இடத்தில் ஓடையாகப் பொழிந்துவிடும். இரு படிகளில் குறைக்கும் இரட்டைக் கட்ட ரெகுலேட்டரில் இந்த ஏற்றம் மிகவும் குறைவு. தொட்டி நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குடுவைதான் டிராப் செக்கர்; 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள (இங்கு டிகிரி என்பது வெப்பநிலையன்று, கடினத்தன்மையின் அலகு) நீரை ஊற்றிய அது, தொட்டியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வாயு இருக்கும்போது பச்சையாக இருக்கும். அளவு மிஞ்சினால் மஞ்சளாகும். ஆனால் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிப்பதால், அதற்கு முன்பே மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கிவிடும். எனவே 2 கிலோ சிலிண்டரில் 200 கிராம் மிஞ்சும்போது மாற்றிவிடுவதே என் பரிந்துரை. 30 டிகிரியில் அப்போது முள் 30 பாரை ஒட்டி நிற்கும்.

நிரப்பக் கொடுக்கும்போது, தீயணைப்புக் கருவிகளை நிரப்பும் கடையானாலும் சோடாக் கம்பெனியானாலும், முன்னும் பின்னும் எடை போடச் சொல்லிக் கேட்பது முறை. “கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்கள்” என்று மட்டும் கேட்கக் கூடாது. 3 லிட்டரில் 2 கிலோ நிரப்பினாலே 28 டிகிரி வாக்கில் திரவம் விரிந்து சிலிண்டர் முழுவதையும் அடைத்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். கூடுதலாக நிரப்பிய சிலிண்டரைக் கதவடைத்த காரில் வெயிலில் விட்டால், வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவும் காருக்குள்ளேயே பீறிடும்.