குளத்து மண்ணும் துறைமுகச் சேறும்

திருப்பூரில் பனியன் பெட்டிகளை அடுக்கி சீல் வைத்த கண்டெய்னர் லாரி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று ராத்திரியெல்லாம் ஓடித் தூத்துக்குடி சேர்கிறது. அங்கிருந்து கப்பல். சுமை ஏறிய பெரிய கண்டெய்னர் கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் 14 மீட்டர் வரை, சிலசமயம் அதற்கும் கீழே, இறங்கியிருக்கும். தூத்துக்குடிக் கரையோரத்தில் இயற்கையாக அவ்வளவு ஆழம் கிடையாது. அதனால் கடலின் அடியைத் தோண்டி ஒரு வழி வெட்டுகிறார்கள். அந்த வழியில்தான் கொங்கு நாட்டுத் துணி உலகத்துக்குப் போகிறது.

வெட்டிய வழி அப்படியே நிற்காது. அலையும் நீரோட்டமும் கிளப்பிக்கொண்டு வரும் மண், ஆழமான இடத்துக்கு வந்ததும் நீரின் வேகம் குறைவதால் அங்கேயே உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கத்துப் பாசன வாய்க்கால்களான காலிங்கராயன் வாய்க்காலிலோ எல்.பி.பி. எனும் கீழ்பவானி வாய்க்காலிலோ பள்ளமான இடத்தில் சேறு தங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே முதலில் ஒருமுறை வெட்டினால் போதாது. பிறகும் விடாமல் தூர்வார வேண்டும். தூர்வாரும் கப்பல் ஒரு நீண்ட குழாயைக் கடலடியில் இழுத்துக்கொண்டே போய், மண்ணையும் நீரையும் கூழாக உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்புகிறது. நிரம்பியதும் ஆழ்கடல் பக்கம் போய் அடிக்கதவுகளைத் திறக்கிறது. சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான கனமீட்டர் சேறு கடலில் விழுகிறது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இதைக் கேட்டதும் மனசு பதறும். இவ்வளவு வண்டலை யாராவது கொட்டுவார்களா? கோடையில் குளம் காய்ந்தால் தோட்டத்துக்கு மண் அடிப்பதற்கு எங்கள் பக்கம் வரிசையில் நிற்பார்கள். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), குளத்தில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்த விடமாட்டார். "தண்ணி நொழையற பக்கம் வெறும் மணலுதான் கண்ணு, கரையோரத்து ஆழத்துக்குப் போ" என்பார். மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார். வழவழப்பாக ஒட்டினால்தான் வண்டி நிரம்பும்.

அவர் விரலில் தேடியது மண்துகளின் அளவை. கடலில் சேற்றைக் கொட்டுவதற்கான விதிகள் முழுக்க அந்த அளவில்தான் தொடங்குகின்றன.

ஒரு கண்ணாடி பாட்டிலில் கலங்கல் தண்ணீரை நிரப்பி வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். அசையாத நீரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல் துகள் 10 மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 20 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். இன்னும் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்த களித்துகளுக்கு நான்கு மாதம்! பருமன் பத்து மடங்கு குறைந்தால் இறங்கும் வேகம் நூறு மடங்கு குறைகிறது. குளத்தின் வாயில் மணலும் ஆழத்தில் களியும் சேர்வது இந்தக் கணக்கால்தான்.

கடலில் களிக்கு நான்கு மாதம் ஆவதில்லை. களித்துகள்களின் மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் நல்ல தண்ணீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கடல்நீரின் உப்பு அந்த விலக்கத்தை அடக்கிவிடும். துகள்கள் கூடிப் பிசிறு பிசிறாகத் திரண்டு வேகமாக இறங்கும். கலங்கிய தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைத்ததிலும் இப்படித்தான் துகள்கள் திரண்டன.

இனி வருவதுதான் முக்கியமான சங்கதி. களி ஏன் நல்ல எரு? துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடை மண்ணுக்கு மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். அந்தப் பரப்பும் அதன் மின்னேற்றமும் பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளைப் பிடித்து வைக்கும். ஆனால் சத்தைப் பிடிக்கும் அதே கை ஈயத்தையும் காட்மியத்தையும் செம்பையும் பிடித்துக்கொள்ளும். களிக்கு நல்லது கெட்டது தெரியாது. மேலே ஓடிய நீரில் என்ன இருந்ததோ அது அத்தனையும் அடியில் பதிவாகிக் கிடக்கும். ஒரு துறைமுகத்தின் சேற்றை வெட்டிப் பார்த்தால் அந்த ஊரின் சாக்கடை, ஆலை, கப்பல் பட்டறை எல்லாமே அதில் இருக்கும். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய ட்ரைபியூட்டைல் டின் என்ற நச்சு வண்ணத்தை உலக நாடுகள் 2001-இல் ஒப்பந்தம் போட்டு விலக்கின. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பழைய துறைமுகங்களின் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது.

சேற்றைக் கலைக்காமல் விட்டால் பெரிய கேடில்லை. காற்றுப் புகாத சேற்றில் கந்தகம் சல்பைடாக மாறி, உலோகங்களைக் கரையாத பொருளாகக் கட்டி வைத்திருக்கும். கருத்த சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே, அதன் காரணமும் இந்தச் சல்பைடுதான். தூர்வாரும்போது ஆக்சிஜன் படுகிறது, கட்டு அவிழ்கிறது, உலோகத்தில் ஒரு பகுதி மறுபடி நீருக்குள் வருகிறது. சும்மா கிடந்த சேற்றை எடுப்பதே ஒரு ரசாயன வினை என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

கொட்டும் இடத்தில் என்ன நடக்கிறது? பெரும்பகுதி கனத்த கூழாக ஒரே வீச்சில் அடிக்குப் போய் மோதிப் பக்கவாட்டில் பரவும். சிறு பங்கு மட்டும் கலங்கலாக நீரோட்டத்தோடு போகும். அந்தச் சிறு பங்கும் பவளப் பாறைக்கு எமன்தான். பவள உயிரிக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். பவளத்தின் உணவில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. கலங்கல் வெளிச்சத்தை மறைக்கும். படியும் தூசு வாயை அடைக்கும். நம் கண்டெய்னர் போகும் தூத்துக்குடிக்கு அருகில்தான் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருந்தன. பவளத்தை வெட்டியெடுத்ததால் அவற்றில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன.

ஆகையால்தான் விதிகள் வந்தன. 1972-இல் உருவான லண்டன் ஒப்பந்தம், கடலில் கொட்டவே கூடாதவை இவை, சிறப்பு அனுமதியோடு கொட்டக்கூடியவை இவை என்று பட்டியல் போட்டது. பட்டியலில் இல்லாத பொருள் தப்பித்துவிடும். 1996-இல் வந்த உடன்படிக்கை இதைத் தலைகீழாகத் திருப்பியது: எதையும் கொட்டக்கூடாது, இந்தச் சிலவற்றைத் தவிர. 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிலவற்றில் ஒன்று தூர்வாரிய மண். உலகில் கடலில் கொட்டப்படும் பொருள்களில் மிகப் பெரும்பகுதி அதுதான். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மாசுபட்டது என்பது பொதுவான மதிப்பீடு.

பட்டியலில் இடம் கிடைத்ததும் சேற்றுக்கு அனுமதி கிடைத்துவிடாது. அனுமதி கேட்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, இதை வேறெதற்காவது பயன்படுத்த முடியாதா என்பது. மாசு எங்கிருந்து வந்தது, அதை மூலத்திலேயே நிறுத்த என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். துகள் அளவு, கரிமப் பொருள், பாதரசம், காட்மியம், ஈயம் எல்லாம் அளக்கப்படும். கீழ் வரம்புக்குள் இருந்தால் கொட்டலாம். மேல் வரம்பைத் தாண்டினால் கூடாது. இடையில் விழுந்தால் உயிருள்ள சோதனை. கூனிறால் இனத்தைப் போன்ற சிறு கடலுயிரிகளை அந்தச் சேற்றில் 10 நாள் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். எந்தக் கருவியும் சொல்லாததை அந்த உயிர்கள் சொல்லிவிடும், ஏனென்றால் பத்து நச்சுகள் சேர்ந்து என்ன செய்யும் என்பது தனித்தனி எண்களில் தெரியாது. கடலுக்குப் போக முடியாத சேற்றுக்காக ரோட்டர்டாமில் 1980-களில் ஸ்லுப்டர் என்ற பெரும் குழியையே கட்டினார்கள்.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ், துறைமுகத்துக்காகப் புதிதாக ஆழம் வெட்ட முன் அனுமதி வேண்டும். முதல் திட்டத்திலேயே சேர்த்து ஒப்புதல் வாங்கிய பராமரிப்புத் தூர்வாரலுக்கு மறுபடி வேண்டியதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. வருஷா வருஷம் சேர்வது புதுச் சேறு; அதில் புது மாசு வந்திருக்கலாம். ஒருமுறை கொடுத்த ஒப்புதல் அதற்கும் எப்படிப் பொருந்தும்?

மறுபயன்பாட்டில் மணலுக்குப் பிரச்சினை இல்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிந்தது. அப்படி மறிபடும் மணலைத் தூர்வாரி, அரிக்கும் கரையில் போடுவது இயற்கையின் வேலையைத் தொடர்வதுதான். விசாகப்பட்டினத்தில் அதைச் செய்கிறார்கள். களிச்சேற்றுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் அலை தின்று சில ஏக்கராகச் சுருங்கிப்போன பாப்லர் தீவை, பால்டிமோர் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வழிகளில் தூர்வாரிய மண்ணைக் கொண்டு 1998 முதல் மீட்டெடுத்து வருகிறார்கள்.

கடல் சேற்றை வயலில் போட்டால் என்ன என்று கேட்கலாம். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாக ஆனது. உப்பிலுள்ள சோடியம் களித்துகளில் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மழையில் உப்பு கழுவிப்போன பிறகும் சோடியம் நின்றுவிடும். அப்போது களி ஊதிச் சிதறி மண்ணின் கண்களை அடைக்கும். தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுவிடாது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, பல பட்டம் காத்திருக்க வேண்டும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் இப்படிச் செத்துப்போன தோட்டங்கள் இருந்தன. கடல் சேறு ஆயிரம் லாரி வந்து இறங்கினாலும் அதே கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது முதல் காவிரி கொண்டுபோன மண்ணில் பெரும்பகுதி அங்கேயே நிற்கிறது. டெல்டாவும் கடற்கரையும் தங்கள் பங்கு மண்ணுக்காக ஏங்குகின்றன. 2017-இல் மேட்டூரில் வண்டல் எடுக்கத் தொடங்கியபோது விவசாயிகள் சந்தோஷமாக அள்ளிப்போனார்கள். அது நல்ல காரியம்.

ஆனால் எல்லா நீர்நிலையும் மேட்டூர் இல்லை. கோவையின் குளங்களுக்கு நொய்யல் நீரோடு ஊர்ச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் வந்து சேர்ந்தன. அங்கே எடுக்கும் கருத்த மண் அப்புச்சியின் விரலில் அதே வழவழப்போடுதான் ஒட்டும். விவசாயியின் மண்ணைச் சோதித்து அரசு தரும், 2015-இல் வந்த மண்வள அட்டை பன்னிரண்டு குணங்களைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அமில காரத் தன்மை, உப்பின் அளவு, கரிமம். கடலில் கொட்டும் சேற்றில் கட்டாயம் தேடும் பாதரசம், காட்மியம், ஈயம் மூன்றும் அதில் இல்லை. மாசு நீர் சேரும் குளத்திலிருந்து மண் அடிக்கப் போகிறவர்கள், முதல் வண்டி ஏறும் முன் ஆழத்து மண்ணில் ஒரு கிலோவை எடுத்து, இந்த மூன்றோடு குரோமியத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை மண் குளத்திலேயே இருக்கட்டும்.