ஐம்பது குறிச்சொல் போட்டும் படம் ஏன் மேலே வரவில்லை?

வாசகர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, கூடவே ஒரு கேள்வியையும் கேட்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் குனிந்து உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர், கண்ணில் செருகிய குட்டி லென்ஸ், இடது பக்கம் பாதிப் படத்துக்கு வெறும் சுவர். அருமையான வெளிச்சம். "ஸ்டாக் போட்டோ தளத்தில் ஏற்றி எட்டு மாதம் ஆச்சு, ஐம்பது குறிச்சொல்லையும் நிரப்பிட்டேன், தேடினா எனக்கே கிடைக்க மாட்டேங்குது, ஏன்?" (ஸ்டாக் தளம் என்றால், வேண்டியவர்கள் தேடி வாங்கிப் பயன்படுத்தப் படங்களை வைத்திருக்கும் தளம். குறிச்சொல் என்பது, தேடும்போது அகப்படுவதற்காகப் படத்தோடு நாம் எழுதிவைக்கும் சொல்.)

அந்தப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். மனிதர், முதியவர், அழகு, மகிழ்ச்சி, வெற்றி, வணிகம், தொழில்நுட்பம், பின்னணி, இயற்கை என்று ஆங்கிலத்தில் வரிசையாக ஓடியது. இயற்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை தெரிகிறதாம்.

சரி, தேடல் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒருவர் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியதும் கணினி கோடிக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. தடிமனான பாடநூலின் கடைசிப் பக்கங்களில் 'ஒளிவிலகல் – 43, 118, 206' என்று இருக்குமே, அதே மாதிரி ஒரு அடைவை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அந்தச் சொல்லைச் சுமக்கும் படங்களின் எண்கள் ஏறுவரிசையில் இருக்கும். இதைத் தலைகீழ் அடைவு என்பார்கள். படத்திலிருந்து சொல்லுக்குப் போகாமல் சொல்லிலிருந்து படத்துக்குப் போவதால் அந்தப் பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். ஒருவர் 'முதியவர் கடிகாரம்' என்று இரண்டு சொல் கொடுத்தால்? முதியவருக்கு நேரே 4, 9, 17, 23, 31, 58 என்று இருக்கிறது, கடிகாரத்துக்கு நேரே 9, 40, 58, 112 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலின் தலையிலும் ஆளுக்கொரு விரலை வையுங்கள். எந்த விரல் சிறிய எண்ணில் நிற்கிறதோ அதை மட்டும் நகர்த்த வேண்டும். இடது விரல் 4, வலது 9. இடது நகர்ந்து 9க்கு வருகிறது, இரண்டும் ஒன்று, ஒரு படம் அகப்பட்டது. இரண்டையும் நகர்த்தினால் 17, 40. இடது மட்டும் 23, 31 என்று தாவி 58க்குப் போகிறது, இப்போது வலது 40லிருந்து 58க்கு வருகிறது, இரண்டாவது படமும் கையில். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், ஒரே ஓட்டம். பட்டியல்கள் லட்சக்கணக்கில் நீண்டால், கணினி சின்னப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியதைத் தாவித் தாவிக் கடக்கும். வேலையின் அளவை முடிவு செய்வது கேட்ட சொற்களிலேயே குட்டையான பட்டியல்தான்.

அப்படியானால் உங்கள் படம் எந்தப் பட்டியல்களில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு தளத்தில் ஒரு கோடிப் படங்கள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். 'மனிதர்' என்ற சொல் 25 லட்சம் படங்களில் இருந்தால், கோடியை இரண்டு முறை பாதியாக்கினால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அந்தச் சொல்லின் எடை 2. 'கடிகாரப் பழுது' பத்தாயிரம் படங்களில் மட்டும் இருந்தால், கோடியைக் கிட்டத்தட்ட பத்து முறை பாதியாக்க வேண்டும், எடை 10. பள்ளியில் படித்த மடக்கைதான் இது, அடிமானம் 2. பட்டியல் பாதியாகக் குறுகும் ஒவ்வொரு முறையும் சொல்லின் எடையில் ஒன்று கூடுகிறது, ஆமாம்-இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வியைக் கேட்டு பாதிப் படங்களை ஒதுக்கிவிட்டது மாதிரி. 'மனிதர்' என்ற குறிச்சொல் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறது, 'கடிகாரப் பழுது' பத்துக்கு. தேடிய சொற்களில் சிலது மட்டும் பொருந்தும் படங்களை வரிசைப்படுத்தும்போது, அரிய சொல் பொருந்திய படம் மேலே போவது இதனால்தான்.

அரிய சொல்லுக்கு இப்படி எடை கூட்ட வேண்டும் என்று 1972ல் எழுதியவர் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். வலைத்தளம் என்ற ஒன்றே பிறக்காத காலம், நூலகத்து ஆவணங்களைத் தேடுவதுதான் அப்போதைய பிரச்சினை. இன்று ஐ.டி.எஃப். என்று அழைக்கப்படும் அந்த யோசனை, எத்தனையோ தேடுபொறிகளின் அடித்தளத்தில் இருக்கிறது. அவரோ கேம்பிரிட்ஜில் பல ஆண்டுகள் குறுகியகால ஒப்பந்தங்களில்தான் வேலை பார்த்தார், பேராசிரியர் பதவி கிடைத்தது 1999ல்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் விண்ணப்பப் படிவத்தில் 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்று நிரப்பச் சொல்லி ஒரு கட்டத்தை நீட்டுகிறார்களே, 1972ல் அவர் அதில் என்ன எழுதியிருக்க முடியும்? இந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1990களில் வந்த, தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் பி.எம்.25 என்ற சூத்திரம் ஆவணத்தின் நீளத்தையும் கணக்கில் எடுக்கிறது: பத்துச் சொல்லுக்கு நடுவே இருக்கும் 'கடிகாரம்' ஐம்பதுக்கு நடுவே இருப்பதைவிடக் கூடுதல் மதிப்பு பெறும். எந்த ஸ்டாக் தளமும் தன் முழுச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ஆனால் அடோபி ஸ்டாக் ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறது: 49 குறிச்சொற்கள்வரை போடலாம், அவற்றில் முதல் பத்துதான் முக்கியம், வரிசை பார்த்துப் போடுங்கள் என்று. இதைப் படிக்காமல், குறிப்பிட்ட கிழமையில் ஏற்றினால் படம் மேலே வரும், ஐம்பதையும் நிரப்பினால்தான் தளத்துக்குப் பிடிக்கும் என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். நல்ல நேரம் பார்த்து லாட்டரி வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பொருந்தாத சொல் வெறுமனே வீணாவதோடு நிற்பதில்லை, கெடுதலும் செய்கிறது. பல தேடுபொறிகள் எது சொடுக்கப்படுகிறது, எது கடந்து போகப்படுகிறது என்று கவனித்து வரிசையை மாற்றும். 'இயற்கை' தேடி வந்தவர் முன்னால் கடிகாரக்காரர் போய் நின்றால் யார் சொடுக்குவார்கள்? இரட்டைப் பொருள் சொற்கள் இன்னும் மோசம். நானே ஒரு கொக்குப் படத்துக்கு 'கிரேன்' என்று மட்டும் போட்டுவிட்டு, பாரம் தூக்கும் இயந்திரங்களுக்கு நடுவே அது ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் 'பறவை', 'சதுப்பு நிலம்', யூரேசியக் கொக்கின் அறிவியல் பெயரான 'குரூஸ் குரூஸ்' எல்லாம் சேர்த்தேன்.

அதற்காக அகராதியைப் புரட்டி அரிதான சொல்லாகப் பொறுக்காதீர்கள். 'ஹோராலஜி' என்றால் கடிகாரவியல், பட்டியல் குட்டைதான், ஆனால் அதைத் தட்டுகிறவர்களும் ரொம்பக் குறைவு. பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும், வாசலில் ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டுரைக்கோ விளம்பரத்துக்கோ படம் தேடும் வடிவமைப்பாளர். அவர் 'பொறுமை', 'நுணுக்கம்', 'கைத்தொழில்' என்று தேடலாம். தலைப்பை எங்கே வைப்பது என்ற கவலையும் அவருக்கு உண்டு. இடது பக்கத்து வெறும் சுவருக்கு அந்தத் தொழிலில் 'காப்பி ஸ்பேஸ்' என்று பெயர், அதுவும் ஒரு குறிச்சொல்தான். ஒருமை, பன்மை, வினை வடிவம் என்று ஒரே சொல்லை மூன்றாகப் போடுவது பெரும்பாலும் தேவையில்லை, விகுதியை வெட்டி வேர்ச்சொல்லாக்கும் வேலையைப் பல தேடுபொறிகள் தாமே செய்துகொள்கின்றன.

இப்போதுதான் இயந்திரமே படத்தைப் பார்க்கிறதே, குறிச்சொல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓப்பன்ஏஐ 2021ல் வெளியிட்ட கிளிப் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, 40 கோடி படம்-எழுத்து இணைகளில் பயின்றது. படத்தையும் சொல்லையும் ஒரே எண்வெளியில் புள்ளிகளாக வைத்து, எது எதற்கு அருகில் இருக்கிறது என்று அளக்கும். 'முதியவர், மேசை, ஜன்னல்' என்பதை அது பார்த்தே கண்டுபிடிக்கும். எந்த ஊர், எந்த ஆண்டு, இவர் தொழில்முறைக் கடிகாரக்காரரா அல்லது ஓய்வுபெற்றபின் பொழுதுபோக்காகச் செய்கிறவரா என்பதெல்லாம் பிக்சலில் இல்லை. எடுத்தவருக்குத்தான் தெரியும், எடுத்தவர்தான் எழுத வேண்டும்.

வாசகருக்கு முப்பது சொல்லை வெட்டச் சொல்லி, மீதி இருபதை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம் என்று படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவர் கையில் இருப்பது கைக்கடிகாரம் இல்லை. மூடி, சங்கிலி எல்லாம் இருக்கிற பாக்கெட் வாட்ச். அவருடைய ஐம்பதில் அந்தச் சொல் இல்லவே இல்லை.