பரேசியா: பேதுரு பேசிய ‘தைரியம்’ எது?

“பேதுருவும் யோவானும் பேசுகிற தைரியத்தை அவர்கள் கண்டு…” என்று தொடங்குகிறது அப்போஸ்தலர் 4:13. இயேசுவைப் பற்றிப் போதித்ததற்காக அந்த இரு சீஷர்களும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நிறுத்தப்பட்ட காட்சி இது. விசுவாசத்துக்கு எதிர்ப்பு வரும்போது எப்படி நிற்க வேண்டும் என்று போதிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தைத்தான் எடுக்கிறார்கள். ‘தைரியம்’ என்றதும் நம் மனதில் வருவது அசையாத நெஞ்சும் உயர்ந்த குரலும். ஆனால் கிரேக்க மூலத்தில், இந்த நூலை எழுதிய லூக்கா இங்கே வைத்திருக்கும் சொல் ‘பரேசியா’. அது நெஞ்சின் வலிமையைச் சொல்வதற்குப் பிறந்த சொல் அல்ல. வாயைத் திறப்பதைப் பற்றிய சொல்.

‘பான்’ என்றால் எல்லாம். ‘ரேசிஸ்’ என்றால் பேச்சு. இரண்டும் சேர்ந்து பரேசியா: எதையும் விழுங்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. (ஒலி ஒத்திருந்தாலும் ‘பரிசேயர்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது எபிரெய, அரமேய வழியில் வந்தது.)

இந்தச் சொல் முதலில் புழங்கியது ஆலயத்தில் அல்ல, ஏதென்ஸ் நகரத்தின் அரசியலில். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் எழுதிய நாடகங்களில்தான் இதை முதன்முதலாகப் பார்க்கிறோம். ஒரு நாடகத்தில், நாடுகடத்தப்பட்ட மகனிடம் தாய் கேட்கிறாள்: சொந்த ஊரை இழந்தவனுக்கு எது பெரிய வேதனை? பரேசியா இல்லாமல் போவதுதான் என்கிறான் மகன். நினைத்ததைச் சொல்ல முடியாமல் இருப்பது அடிமையின் நிலை அல்லவா என்கிறாள் அவள். ஏதென்ஸின் குடிமகன் சபையில் எழுந்து தன் மனதில் உள்ளதைப் பேசலாம். அடிமையால் முடியாது. பரேசியா என்பது அப்போது குணத்தின் பெயராக இருக்கவில்லை, உரிமையின் பெயராக இருந்தது.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை ஓர் அருமையான இடத்தில் வைத்தார்கள். லேவியராகமம் 26:13-ல் தேவன் தம் ஜனங்களிடம், எகிப்தியருக்கு அடிமைகளாயிராதபடி உங்கள் நுகத்தடிகளை முறித்து “உங்களை நிமிர்ந்து நடக்கப்பண்ணின” தேவன் நானே என்கிறார். ‘நிமிர்ந்து’ என்று தமிழில் வரும் அந்த இடத்தில், கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பது ‘பரேசியாவோடு’ என்ற சொல். நுகம் கழன்ற கழுத்து நிமிர்கிறது, அடைத்திருந்த வாய் திறக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 31 இடங்களிலும், அதன் வினைச்சொல் 9 இடங்களிலும் வருகிறது. வினைச்சொல் வரும் 9-ல் 7 அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. எல்லா இடத்திலும் தமிழில் ‘தைரியம்’ என்றே போடவில்லை. 1871-ல் வெளிவந்த ‘பழைய திருப்புதல்’ என்ற தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். லாசரு மரித்துப்போனான் என்று இயேசு “வெளிப்படையாய்ச்” சொல்கிறார் (யோவான் 11:14). பிரதான ஆசாரியன் விசாரிக்கும்போது “நான் வெளியரங்கமாய் உலகத்துடனே பேசினேன்” என்கிறார் (18:20). யூதருக்குப் பயந்து ஒருவனும் அவரைக்குறித்துத் “தாராளமாய்ப்” பேசவில்லை என்கிறது 7:13. மூன்றுமே பரேசியாதான். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் சுவிசேஷங்களில் ‘மறைக்காமல் பேசுதல்’ என்ற பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். நடபடிகளுக்கும் நிருபங்களுக்கும் வரும்போதுதான் அது பெரும்பாலும் ‘தைரியம்’ ஆகிவிட்டது. அந்த மாற்றத்தில் ஒரு நூல் அறுந்துபோனது. அதுதான் எனக்கு வருத்தம்.

அறுந்த நூல் எது என்றால், பேதுருவின் கதை. மாற்கு சுவிசேஷத்தில் பரேசியா ஒரே ஒரு முறைதான் வருகிறது. மனுஷகுமாரன் பாடுபட்டு, கொல்லப்பட்டு, எழுந்திருக்க வேண்டும் என்று இயேசு சீஷர்களிடம் சொன்ன இடம் அது: “இந்த வார்த்தையை அவர் தாராளமாகச் சொன்னார்” (மாற்கு 8:32). அந்த வசனம் அங்கேயே முடியவில்லை. பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்ளத் தொடங்கினான் என்று அடுத்த வார்த்தைகள் வருகின்றன. சிலுவையைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிய வாயை மூடப் பார்த்த முதல் ஆள் பேதுரு. பிறகு, பிரதான ஆசாரியனின் முற்றத்தில், ஒரு வேலைக்காரி கேட்ட கேள்விக்குத் தன் வாயையே மூடிக்கொண்டவனும் அவன்தான். அதே நகரத்தில், அதே ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால், அதே சிலுவையைப் பற்றி அவன் பரேசியாவோடு பேசுகிறான் என்று லூக்கா எழுதும்போது, அவன் பயந்த சுபாவம் மாறி வீரனாகிவிட்டான் என்பது மட்டும் செய்தி அல்ல. ஆண்டவர் எதை மறைக்காமல் சொன்னாரோ, அதை இவனும் மறைக்காமல் சொல்லத் தொடங்கிவிட்டான்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

‘தைரியம்’ வடமொழியின் ‘தீர’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலைகுலையாத, உறுதியான என்று பொருள். நாம் ‘தீரன்’ என்பதும் அதே வேர்தான். நல்ல சொல். ஆனால் அது உள்ளத்தின் உறுதியைத்தான் காட்டுகிறது. அப்படிப்பட்ட உறுதிக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு, பழைய திருப்புதலும் அதற்குத் தனிச்சொல் வைத்திருக்கிறது: “திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்.” எருசலேமில் காவலில் இருந்த பவுலிடம் இராத்திரியிலே கர்த்தர் வந்து சொன்னதும் “திடன்கொள்” என்பதே. திடன் உள்ளுக்குள் கிடைப்பது. பரேசியா வெளியே கேட்பது.

‘துணிவு’ நல்ல தமிழ்ச் சொல். 1995-ல் வந்த ‘பொது மொழிபெயர்ப்பு’ வேதாகமம் அப்போஸ்தலர் 4:13-ல் இதைத்தான் எடுத்துக்கொண்டது. ‘துணி’ என்ற வினைக்கு அறுபடுதல், தெளிதல், முடிவுசெய்தல் என்ற பொருள்கள் உண்டு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்று வள்ளுவர் சொல்வது, யோசித்து முடிவெடு என்பதைத்தான். தயக்கத்தை வெட்டிவிட்டு எடுக்கும் முடிவு துணிவு. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பிலாத்துவினிடத்தில் “துணிந்துபோய்” இயேசுவின் சரீரத்தைக் கேட்டான் என்று பழைய திருப்புதல் சொல்லும்போது அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே மூலத்தில் இருப்பதும் ‘துணிதல்’ என்ற பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல்தான். பரேசியாவுக்கு ‘துணிவு’ என்று போட்டால் ‘தைரியத்தை’விட நெருங்கி வருகிறது. ஆனாலும் வாய் திறப்பது அதில் தெரிவதில்லை.

என் பார்வையில், ஆலோசனைச் சங்கக் காட்சிக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் திருக்குறளில் இருக்கிறது. 73-ஆம் அதிகாரம்: அவையஞ்சாமை. கூடியிருக்கும் அவைக்கு முன்னால் அஞ்சாமல் பேசுவதற்குத் தமிழ் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறது. “பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்” என்கிறது 723-ஆம் குறள். போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பவர்கள் பலர் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாமல் நிற்பவர்கள் அரிது. இதைப் படித்துவிட்டு, கெத்செமனேயில் பட்டயத்தை உருவிய பேதுருவையும், சில மணி நேரத்துக்குள் முற்றத்தில் மறுதலித்த பேதுருவையும் நினைத்துப் பாருங்கள். வாளோடு பாய்வது அவனுக்கு எளிதாக இருந்தது. “ஆம், நான் அவரோடு இருந்தவன்” என்ற ஒரு வரி வரவில்லை.

ஆனால் ஓரிடத்தில் குறளும் நடபடிகளும் பிரிகின்றன. அவையில் அஞ்சாமல் மறுமொழி சொல்ல வேண்டுமானால் முறையாகக் கற்றுக்கொள் என்கிறார் வள்ளுவர் (குறள் 725). அவருக்கு அவையஞ்சாமை கல்வியின் கனி. அப்போஸ்தலர் 4:13-ல் சங்கத்தாரை ஆச்சரியப்பட வைத்ததோ, பேசியவர்கள் “படிப்பறியாதவர்களென்றும் பேதைமையுள்ளவர்களென்றும்” தெரிந்ததுதான். கல்வி இல்லாத அவையஞ்சாமை எங்கிருந்து வந்தது? அந்த வசனத்தின் கடைசி வரி பதில் சொல்கிறது: அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்கள். கற்காமல் இருப்பதற்கு இதைச் சாக்காக எடுக்கக் கூடாது. நம்பிக்கையைக்குறித்து விசாரிக்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பின்னாளில் எழுதியதும் இதே பேதுருதான். அதையும் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” சொல்லச் சொன்னான். அந்த இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டுத் தைரியத்தைப் போதித்தால் அது பேதுருவின் போதனை ஆகாது.

ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்ச்சொல் இன்னும் தெளிவாகக் காட்டும். பரேசியாவுக்கு எதிர்ச்சொல் பயம் என்று நினைப்போம். பவுலைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார். கொரிந்துவில் “பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்” இருந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார், அதே ஊரில் ஒன்றரை வருடம் தங்கிப் போதித்தும் இருக்கிறார். எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது “பயப்படவில்லை” என்பதை அல்ல, எதையும் “மறைத்துவைக்காமல்” அறிவித்தேன் என்பதை. அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைக்குப் பின்வாங்குதல், ஒடுங்கிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. எபிரெயர் 10:35-ல் “உங்கள் தைரியத்தை விட்டுவிடாதிருங்கள்” என்று பரேசியாவைச் சொல்லிவிட்டு, அடுத்த சில வசனங்களில் ‘பின்வாங்குதல்’ என்று எதிராக வைப்பதும் அதே வேர்ச்சொல்லைத்தான். ஆகவே கை நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிறவரிடம் பரேசியா இருக்கிறது. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் மேலதிகாரியிடம் “என் விசுவாசம் இதற்கு இடம் கொடுக்காது” என்று தாழ்ந்த குரலில் சொன்னாலும் போதும், அது பரேசியாதான். காரணத்தை மறைத்து வேறு சாக்குச் சொல்லி நழுவும்போதுதான் அது நழுவிப்போகிறது.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்தச் சொல் முரட்டுத்தனத்துக்கு முகமூடியாகிவிடும். யோவான் 11:54-ல் இயேசு அதன்பின்பு வெளியரங்கமாய் யூதருக்குள்ளே சஞ்சரிக்கவில்லை என்று வாசிக்கிறோம். அங்கும் மூலத்தில் பரேசியாதான். தம்மைக் கொல்ல ஆலோசனை நடக்கிறது, அவருடைய வேளை இன்னும் வரவில்லை, அதனால் அவரே பரேசியாவை நிறுத்திவைத்து விலகிப் போனார். ஆதிச் சபை இதைப் புரிந்துகொண்டிருந்தது. சிமிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப் 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொல்லப்பட்டதை அந்தச் சபையே ஒரு நிருபமாக எழுதி வைத்தது. அதில் குவிந்துஸ் என்பவனைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அவன் தானாகவே அதிகாரிகளிடம் போய் நின்றான், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனான். காட்டு மிருகங்களைக் கண்டதும் மனம் மாறி, தேவர்களுக்குப் பலியிட்டுவிட்டான். தாங்களாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அந்த நிருபம் நேராகச் சொல்கிறது.

பாலிகார்ப் அப்படிப் போகவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியபோது ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் தங்கினார். தேடிவந்து பிடித்தவர்களுக்கு உணவு கொடுக்கச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். ஆனால் அதிபதி, இராயனின் (ரோமப் பேரரசனின்) பேரில் ஆணையிடு என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது அவர் சொன்ன பதிலில் நம் சொல் அப்படியே வருகிறது: நான் யாரென்று தெரியாததுபோலக் கேட்கிறீர், பரேசியாவோடு சொல்கிறேன், கேளும், நான் கிறிஸ்தவன். கிறிஸ்தவப் போதனையைத் தெரிந்துகொள்ள விருப்பமானால் ஒரு நாள் குறித்துக் கேளும் என்றும் சேர்த்துச் சொன்னார். தன்னைக் கொல்லப் போகிறவனையும் கேட்கிறவனாகவே அவர் பார்த்தார். இவ்வளவு மரியாதையும் இவ்வளவு வெளிப்படையும் ஒரே வாயிலிருந்து வந்ததால்தான், அந்தக் காட்சியைத் தாண்டி வேறொரு உதாரணம் தேட எனக்கு மனம் வருவதில்லை.

எபிரெயர் நிருபம் இந்தச் சொல்லை வேறொரு திசைக்குத் திருப்புகிறது. “தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்” (4:16). இங்கே எதிரே இருப்பது எதிரியின் நீதிமன்றம் அல்ல, தேவனுடைய சிங்காசனம். ஏதென்ஸில் குடிமகனுக்கு மட்டும் இருந்த பேச்சுரிமை இப்போது தேவனுக்கு முன்பாக எல்லா விசுவாசிகளுக்கும் இருக்கிறது. ஆதிச் சபைகளில் அடிமைகளும் இருந்தார்கள். ஊரில் வாய் திறக்க அனுமதி இல்லாதவர் இந்த வசனத்தைக் கேட்டபோது என்ன உணர்ந்திருப்பார்! இந்த இடத்தில் ‘துணிவு’கூடப் போதாது, ‘உரிமையோடு’ என்பதே சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

அப்போது ஒரே தமிழ்ச் சொல்லாக எதை வைப்பது? ஒரு சொல்லில் அடங்காது. நீதிமன்றம், சங்கம், கூட்டம் என்று வரும் இடங்களில் ‘அவையஞ்சாமை’ அழகாகப் பொருந்தும். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஒளிவுமறைவற்ற துணிவு’ என்பேன். பழகிப்போன ‘தைரியத்தை’ வேதத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தலைமுறைகளாக ஜெபத்தில் ஊறிய சொல் அது. அதை வாசிக்கும்போது பேச்சு அதற்குள் இருக்கிறது என்பதைக் கூடவே சொல்லிக் கொடுத்தால் போதும்.

அது தெரிந்துவிட்டால் அப்போஸ்தலர் 4-ல் சபையார் செய்த ஜெபமும் வேறு விதமாகக் கேட்கும். பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனியும் என்று சொல்லிவிட்டு, அவற்றை நீக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. வசனத்தை “முழு தைரியத்தோடும்” சொல்ல அருள்செய்யும் என்று கேட்டார்கள். பவுலும் அப்படித்தான். சங்கிலியில் இருந்துகொண்டு எபேசியருக்கு எழுதும்போது, எனக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறார். சங்கிலி கழல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வாயைத் திறக்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தை கிடைக்க வேண்டும், பேச வேண்டியபடி பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. இதைக் கேட்டவர் பல வருடங்களாகப் பல ஊர்களில் பேசிப் பழகிய பவுல். பரேசியா ஒருமுறை கிடைத்தால் கையிலேயே இருந்துவிடும் என்று அவரே நினைக்கவில்லை, அதற்காக மற்றவர்களின் ஜெபத்தைக் கேட்டு வாங்கினார்.