பொறி நிறைய ஈ, பழம் நிறைய புழு: ஏன்?

"பழ ஈக்குப் பொறி கட்டினேன், டப்பா நிறைய விழுந்திருக்கிறது. ஆனாலும் நீலம் மாம்பழத்தை அறுத்தால் புழு நெளிகிறது. மருந்து போலியா?" ஜூன் பிறந்ததும் மா விவசாயிகளிடமிருந்து வரும் கேள்வி இது. மருந்து பெரும்பாலும் போலியாக இருக்காது. டப்பாவில் விழுந்தவை எல்லாம் ஆண் ஈக்கள். பழத்தில் முட்டை வைப்பது பெண் ஈ.

முதலில் புழு எது என்று பார்த்துவிடுங்கள். சதை நன்றாக இருந்து, கொட்டைக்குள் தடித்த புழுவோ வண்டோ இருந்தால் அது கொட்டை வண்டு. காய் சிறிதாக இருக்கும்போதே முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். இந்தப் பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சதை குழகுழவென்று அழுகி, உள்ளே காலில்லாத வெள்ளைப் புழுக்கள் பல இருந்து, தரையில் போட்டதும் உடம்பை வளைத்துத் துள்ளினால் அது பழ ஈயின் புழு.

முதிரும் காயின் தோலைத் துளைத்துப் பெண் ஈ முட்டை வைக்கும். ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாள் சதையைத் தின்று, விழுந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். சுமார் பத்து நாளில் புதிய ஈ. கோடை மழை பட்டால் புழு பிடிக்கும் என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. மழை புழுவைக் கொண்டுவருவதில்லை. காய்ந்து சுடும் மண்ணில் மடிந்திருக்க வேண்டிய கூட்டுப்புழுக்கள் ஈர மண்ணில் பிழைத்துக்கொள்கின்றன. முன்பருவ ரகங்களில் பெருகிய ஈக்களும் சேர்ந்துகொள்வதால், கடைசியில் வரும் நீலம் அதிகம் அடிவாங்குகிறது.

இனி பொறிக்கு வருவோம். அதிலிருக்கும் மெத்தில் யூஜினால் பெண் ஈயின் வாசனை அல்ல. ஒரு தாவர எண்ணெய்ச் சத்து. துளசியில் இருக்கிறது, சரக்கொன்றைப் பூவில் இருக்கிறது. இதற்கு ஆண் ஈ ஏன் இப்படிப் பைத்தியமாகப் பறக்கிறது? அது அதைத் தின்கிறது. உள்ளே போன மெத்தில் யூஜினால் ஈயின் உடலில் வேறு இரண்டு சேர்மங்களாக மாறுகிறது. அவை இரத்தத்தோடு ஓடி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்கின்றன. பொழுது சாயும் நேரம் ஆண் ஈ இலை மேல் உட்கார்ந்து இறக்கையை அதிரவிட்டு, சேர்த்து வைத்ததைக் காற்றில் விடும். பெண் ஈக்கள் அந்த மணத்தைத் தேடி வரும். தின்ற ஆணுக்கும் தின்னாத ஆணுக்கும் போட்டி என்றால் தின்றதற்கே வெற்றி வாய்ப்பு அதிகம். எங்கோ ஒரு செடி தன் தேவைக்குச் செய்த பொருளை எடுத்து ஈ தன் மணமாலையாகக் கட்டிக்கொள்கிறது. அந்த ஆசையைத்தான் நாம் டப்பாவில் தொங்கவிடுகிறோம்.

இது இந்திய மண்ணில் கிடைத்த அறிவு. பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவுக்காகப் பயன்படுத்தும் சிட்ரோனெல்லா எண்ணெயை நோக்கி ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-ல் எழுதினார். 1915-ல் மெத்தில் யூஜினாலின் ஈர்ப்பையும் பதிவு செய்தார். ஈ எதை முகர்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பதற்கு இன்று நிதி கேட்டால் "விவசாயிக்கு என்ன பயன்" என்றுதான் முதலில் கேட்பார்கள். பயன் இதோ மரத்தில் தொங்குகிறது. பூச்சியின் நடத்தையைப் படிக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது பெரிய தவறு.

அப்படியானால் ஏன் புழு? ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பத்தில் ஒன்பது ஆண் செத்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும். பக்கத்துத் தோப்பில் ஏற்கனவே சேர்ந்துவிட்ட பெண் பறந்து வந்தால் உங்கள் பொறிக்கு அதனிடம் வேலையே இல்லை. வேறெங்காவது மெத்தில் யூஜினாலைத் தின்றுவிட்ட ஆணும் பொறிப் பக்கம் அவ்வளவாக வராது. பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960-களில் ஆண்களை மட்டும் கொன்றே இந்த ஈயை ஒழித்தார்கள். தீவு முழுக்க ஒரே சமயத்தில் செய்ததால் முடிந்தது. ஒற்றைத் தோப்பில் அது நடக்காது. ஊரே சேர்ந்து கட்ட வேண்டும்.

அறுவடைக்கு 45 முதல் 60 நாள் முன்பே பொறி தொங்க வேண்டும். பழுக்கும்போது கட்டுவது தாமதம். ஆல்கஹால் 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி 1 பங்கு கலந்து சிறு பிளைவுட் துண்டுகளை மூன்று நாள் ஊறவையுங்கள். ஏக்கருக்கு 4 முதல் 10 வரை, ஆள் மார்பளவு உயரத்தில், நிழலில். இரண்டு மாதத்தில் துண்டை மாற்றுங்கள். பாகல், புடலைக்கு விற்கும் கியூலூர் கட்டை வேறு ஈக்கானது, மாவுக்கு ஆகாது.

பெண் ஈயைப் பிடிக்க அதன் பசியைத்தான் பயன்படுத்த வேண்டும். முட்டை முதிர அதற்குப் புரதம் தேவை, இனிப்பையும் தேடும். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வெல்லமும், மாவில் தெளிக்க இப்போது அனுமதியுள்ள பூச்சிக்கொல்லியைக் குப்பியில் எழுதிய அளவிலும் கலந்து, பழத்தில் படாமல் அடிமரத்திலும் கீழ் இலைகளிலும் திட்டுத்திட்டாகத் தெளியுங்கள். புரதக் கவர்ச்சிக் கரைசல் கிடைத்தால் வெல்லத்தைவிட நல்லது. மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். குப்பியில் எழுதியுள்ள காத்திருப்பு நாட்களைத் தாண்டியே பறிக்க வேண்டும்.

இவை இரண்டையும்விட முக்கியம், விழுந்த பழம். அன்றன்றைக்குப் பொறுக்கி, 2 அடிக்குக் குறையாத குழியில் போட்டு மண்ணை மிதித்து இறுக்குங்கள். எருக்குழியில் வீசினால் அங்கேயே அடுத்த தலைமுறை வளரும். மரத்தடி மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கோழிக்கும் பலியாகும்.

இத்தனைக்கும் பிறகு, கண்ணுக்குத் தெரியாத முட்டையோடு சில காய்கள் வரத்தான் செய்யும். பழ ஈக்களைக் காரணம் காட்டித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தை நிறுத்தியது. 2015 ஜனவரியில் தடை நீங்கியது. முற்றிய காய்களைப் பறித்த அன்றே 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தினால் முட்டையும் இளம் புழுவும் சாகும். வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்யாதீர்கள்: சூடு குறைந்தால் முட்டை பிழைக்கும், கூடினால் தோல் வெந்துவிடும். முற்றாத காய்க்கு 48 டிகிரியே தாங்காது.