ஸ்பீட்வே: சொல்லும் பொருளும், கைவிட்டுப் போகும் தடங்களும்

ஸ்பீட்வே என்றதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் செட்டிபாளையம்தான் நினைவுக்கு வரும். பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கே இருக்கிறது. கார்களும் பைக்குகளும் ஓடும் தார்த்தடம் அது. இங்கிலாந்தில் இதே சொல் ஒரு விளையாட்டின் பெயர். மண் பரப்பிய நீள்வட்டத் தடத்தில், பிரேக் இல்லாத மோட்டார்சைக்கிளில், நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுகிற பந்தயத்தைத்தான் அங்கே ஸ்பீட்வே என்கிறார்கள். அங்குள்ள ஸ்பீட்வே கழகங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, கூட்டம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும்போது, நம்மூர் ரேஸ் டிராக்கை மனதில் வைத்துப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வண்டியில் 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஒரே கியர். ஓடுவது மெத்தனாலில். தொடக்கக் கோட்டில் நாடா மேலே எழும்பியதும் நால்வரும் பாய்கிறார்கள். உள்ளூர் அணியின் இருவருக்கு சிவப்பு, நீல ஹெல்மெட். வெளியூர் அணிக்கு வெள்ளை, மஞ்சள். வளைவு வந்ததும் வேகத்தைக் குறைப்பதில்லை. பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலை மண்ணில் தேய்த்தபடி, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கவாட்டிலேயே போகிறார்கள். அந்தச் சறுக்கலில் கிளம்பும் மண் வளைவோரம் நிற்பவர்களின் முகத்திலும் தேநீர்க் கோப்பையிலும் வந்து விழும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஓர் இரவில் இப்படி 15 ஓட்டங்கள். அட்டையில் கிளிப் போட்ட நிரல்தாளும் பேனாவும் கையில் இல்லாத பழைய ரசிகரைப் பார்ப்பது அரிது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் புள்ளிகளைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். காற்றில் எரிந்த விளக்கெண்ணெய் வாடை வரும். பழைய பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகுதான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்பீட், வே என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது இது. ஸ்பீட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வேகம் என்பதைவிட வெற்றி, செழிப்பு, நல்வாய்ப்பு என்பதே முதற்பொருள். பயணம் போகிறவரை ‘காட்ஸ்பீட்’ என்று வாழ்த்தி அனுப்பும் வழக்கத்தில் அந்தப் பழம்பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வே என்பது வழி. இரண்டையும் சேர்த்து அமெரிக்கர்கள் வேகமாக ஓட்டுவதற்கென்றே போட்ட பாதைக்குப் பெயராக்கினார்கள். நியூயார்க்கில் ஹார்லெம் ஆற்றங்கரையில் 1898ல் திறந்த ஸ்பீட்வேயில் ஓடியவை குதிரை வண்டிகள். 1909ல் இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வே வந்த பிறகு சொல் கார் பந்தயத்தின் பக்கம் சாய்ந்தது. நம்ம கோவைத் தடத்தின் பெயர் இந்த அமெரிக்க வழியில் வந்தது.

விளையாட்டின் பெயராக ஆனது வேறு வழியில். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெய்ட்லாண்டில், 1923 டிசம்பரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய இரவுப் பந்தயத்தைத்தான் பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்வார்கள். இங்கிலாந்துக்கு வந்தபோது இதன் பெயர் ‘டர்ட் டிராக்’, அதாவது மண்தடம். 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுக்கடைக்குப் பின்னாலிருந்த தடத்தில் நடந்த பந்தயத்துக்கு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் முண்டியடித்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே நாடெங்கும் தடங்கள் முளைத்தன. 1929ல் தொடங்கிய லீக் ஒன்றின் பெயரிலேயே ‘டர்ட் டிராக்’ இருந்தது. அப்புறம்தான் ஸ்பீட்வே என்ற பெயர் அதை ஓரங்கட்டியது. டர்ட் என்றால் மண் மட்டுமல்ல, அழுக்கும்தான். டிக்கெட் விற்கிறவர்களுக்கு அந்தப் பெயரைவிட வேகத்தைச் சொல்கிற பெயர் உதவியாக இருந்திருக்கும்.

மற்ற நாட்டவர் இப்படிக் கூச்சப்படவில்லை. போலந்துக்காரர்கள் இதை ‘ஜூஷெல்’ என்கிறார்கள். உலையில் எரிந்து மிஞ்சும் கசடுக்கு உரிய சொல் அது. அந்தக் கசடைப் பொடியாக்கித் தடத்தில் பரப்பியதால் வந்த பெயர். செக் மொழியில் சமதளத் தடம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தளத்தைப் பார்த்துப் பெயர் சூட்டிய இவர்கள் வழிதான் தமிழுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பீட்வே செய்திகளில் கூடவே வரும் இன்னொரு சொல் ‘கேட்’. தொடக்கக் கோட்டு நாடாவுக்கும் அதுதான் பெயர், வாசலில் வசூலாகும் பணத்துக்கும் அதுதான் பெயர். ‘கேட் நன்றாக இல்லை’ என்றால் கூட்டம் வரவில்லை என்று பொருள். தமிழில் ‘வாசல் வசூல்’ என்று தயங்காமல் எழுதலாம். இந்த விளையாட்டு உயிர் வாழ்வது பெரும்பாலும் அந்த வசூலில்தான். கால்பந்தைப் போலத் தொலைக்காட்சிப் பணம் இதற்குக் கொட்டியதில்லை.

கூட்டம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு 1981ஐச் சொல்லலாம். லண்டனின் வெம்ப்ளி அரங்கில் நடந்த தனிநபர் உலக சாம்பியன்ஷிப் இறுதிக்கு 90,000 பேருக்கு மேல் வந்தார்கள். அமெரிக்கரான புரூஸ் பென்ஹால் வென்றார். வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதி அதுவே. அதற்கு முன்பே விளையாட்டு ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. போர் முடிந்த கையோடு 1940களின் பிற்பகுதியில் வாராவாரம் பல்லாயிரம் பேர் வந்தபோது, டிக்கெட் பணத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குக் கேளிக்கை வரி போனது. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. 1950களின் கடைசியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கழகங்கள் மிஞ்சின. 1965ல் பிரிந்து கிடந்த இரண்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக்கைத் தொடங்கிய பிறகே மறுபடி நிமிர்ந்தது. பழைய கதையைச் சொல்கிறவர்கள் இதைக் காட்டித்தான் இப்போதைய சரிவும் தற்காலிகம் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அன்று குறைந்தது கூட்டம், தடங்கள் பல அப்படியே இருந்தன. இன்று தடமே இல்லாமல் போகிறது.

இங்கே ‘கழகம்’ என்ற சொல்லையும் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். உறுப்பினர் சேர்ந்து நடத்தும் சங்கம் என்று நமக்குத் தோன்றும். பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. ‘புரமோட்டர்’ என்கிற ஒருவரோ இருவரோ சொந்தப் பணத்தைப் போட்டு அணியை நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, நாடகக் குழுவைக் கூட்டிவந்து, டிக்கெட் விற்று, லாப நஷ்டத்தைத் தலையில் சுமந்த நாடகக் காண்ட்ராக்டரின் வேலைதான் இதுவும். வீரர்கள் சுயதொழில்காரர்கள். வண்டி, எஞ்சின், மெக்கானிக், பயணம் எல்லாம் அவர்கள் செலவு. ஊதியம் புள்ளிக்கு இவ்வளவு என்று. அணி நன்றாக ஓடி 50 புள்ளி எடுத்தால் 50க்கும் கூலி கொடுக்க வேண்டும். தன் அணி வீரருக்கு அடுத்து வந்து, எதிரணிக்காரரை முந்தியவருக்குப் போனஸ் புள்ளிக்கும் பணம் உண்டு. அதாவது அணி ஜெயிக்க ஜெயிக்கச் செலவு கூடும். மழை பெய்தால் பந்தயம் நின்றுபோகும், அந்த இரவின் வாசல் வசூலும் போகும்.

கூட்டம் ஏன் குறைந்தது? ஒரு காரணத்தில் அடக்க முடியாது. முன்பு ஒவ்வொரு ஊருக்கும் தனக்கென்று ஒரு கிழமை இருந்தது. வுல்வர்ஹாம்ப்டன் என்றால் திங்கள், பூல் என்றால் புதன், ஷெஃபீல்டு என்றால் வியாழன். சிறந்த வீரர்களுக்குப் போலந்தில் கிடைக்கும் பணத்தை பிரிட்டனில் யாராலும் கொடுக்க முடியாது. போலந்து, ஸ்வீடன் லீக்குகள் எடுத்துக்கொண்ட நாட்கள் போக மிச்சமுள்ள நாளில்தான் பிரிட்டன் பந்தயம் வைக்க வேண்டும் என்றாகிவிட்டது. வீரருக்குக் காயம் என்றாலோ வெளிநாட்டில் பந்தயம் என்றாலோ லீக்கின் வேறோர் அணியிலிருந்து ஒருவரை இரவல் வாங்குவார்கள், ‘கெஸ்ட்’ என்று பெயர். போன வாரம் கூச்சலிட்டு எதிர்த்த அதே ஆளுக்கு இந்த வாரம் கைதட்டு என்றால் புதிதாக வருபவருக்கு எப்படி ஒட்டுதல் வரும்? அணிகளின் பலத்தைச் சமமாக்க, வீரர்களின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் வென்ற அணியை அடுத்த ஆண்டு கலைத்தாக வேண்டும். நோக்கம் நல்லதுதான், ரசிகனின் மனதை அது கணக்கில் எடுக்கவில்லை. கழகங்கள் வருகைக் கணக்கைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. 2022ல் நியூகாசில் பருவத்தின் நடுவிலேயே, நஷ்டம் தாங்க முடியவில்லை என்று கைகழுவியபோதுதான் உள்ளே நிலைமை எவ்வளவு மோசம் என்று வெளியே தெரிந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய அடி நிலத்தின் பக்கமிருந்து விழுகிறது. பெரும்பாலான கழகங்கள் ஓடுவது பிறர் இடத்தில். நாய்ப்பந்தய அரங்குகள் பல, கண்காட்சித் திடலும் உண்டு. ஊருக்கு வெளியே இருந்த அரங்குகளைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது, நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஸ்விண்டன் அணி 1949 முதல் ஓடியது. 2019ல் முதல் பிரிவின் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு கொரோனாவால் பருவம் ரத்தானது. அரங்கைச் சீரமைக்கும் பணி இழுபட்டு, அந்த அணி அங்கே மறுபடி ஓடவே இல்லை. 2021ன் சாம்பியன் பீட்டர்பரோ. கண்காட்சித் திடலை வீடு கட்டக் கொடுக்கும் திட்டம் வந்ததால் 2023தான் அதற்கும் கடைசி ஆண்டு. வுல்வர்ஹாம்ப்டனில் அரங்கு உரிமையாளர்கள் 2023க்குப் பிறகு குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. கவென்ட்ரியின் பிராண்டன் அரங்கு 1928லேயே ஸ்பீட்வே பார்த்த இடம். மனை வணிகர்களுக்கு விற்கப்பட்டு, 2016க்குப் பிறகு அங்கே எஞ்சின் சத்தம் இல்லை. 2018ல் அந்த அணி தன் பெயரோடு லெஸ்டரின் தடத்தில் ஓடியது. இடம் இல்லாத பெயர் எத்தனை நாள் தாங்கும்? கோப்பையை வென்ற அணியையும் தடம் இல்லாமல் காப்பாற்ற முடியவில்லை என்பதை இந்த ஆண்டுகளே காட்டுகின்றன.

சத்தமும் ஒரு வழக்கு. மில்டன்ஹால் பக்கத்தில் 1970களிலிருந்து பந்தயம் நடந்துவந்த அரங்குக்கு அருகே பின்னாளில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் இரைச்சலுக்கு எதிராக வழக்குப் போட, அது 2014ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. சத்தம் இருந்த இடத்துக்கு நீங்கள்தானே வந்தீர்கள் என்ற வாதம் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். புதுக் குடியிருப்புகள் நெருங்கிவரும் ஒவ்வொரு கழகத்துக்கும் இது கவலை தந்த தீர்ப்பு.

எதிர்ப்பக்கமும் உண்டு. மான்செஸ்டரில் நகராட்சியின் முயற்சியில் 2016ல் தேசிய ஸ்பீட்வே அரங்கு எழுந்தது. தொடக்க நாளன்றே தடம் சரியில்லை என்று பந்தயம் நின்றது, நடத்திய நிறுவனமும் பிறகு திவாலானது. ஆனாலும் அரங்கு இடிபடாமல் நிலைத்தது. புதியவர்கள் எடுத்து நடத்த, அங்கே ஓடும் பெல் வ்யூ அணி 2022ல் கோப்பையை வென்றது. ஆக்ஸ்போர்டில் 2007ல் முதல் பிரிவை விட்டு விலகிப் பல வருடம் பூட்டிக்கிடந்த தடம் 2022ல் மறுபடி திறந்தது. புரமோட்டர் போனாலும் தடம் இருந்தால் இன்னொருவர் வர வாய்ப்பு இருக்கிறது. போலந்தில் அரங்குகள் பல நகராட்சிகளின் சொத்து என்பதும் சும்மா சொல்ல வேண்டிய தகவல் இல்லை.

ஆக, தமிழில் என்ன சொல்வது? வேகவழி, விரைவுப்பாதை என்றெல்லாம் சொல்லுக்குச் சொல் மாற்றினால் நெடுஞ்சாலைதான் மனதில் வரும். நான் எடுத்துக்கொள்வது ‘மண்தடப் பந்தயம்’. விளையாட்டின் முதற்பெயருக்கும் நேர், போலந்துக்காரர்கள் செய்ததற்கும் நேர். தடம் என்ற சொல்லுக்குத் தமிழில் பாதை என்ற பொருளும் உண்டு, போனவர் விட்ட அடையாளம் என்ற பொருளும் உண்டு. வழித்தடம், தடகளம், தடயம் என்று நாம் தினமும் புழங்குகிற சொல். ஒரு கட்டுரையில் முதல் முறை ‘ஸ்பீட்வே எனப்படும் மண்தடப் பந்தயம்’ என்று எழுதிவிட்டு, பிறகு இரண்டில் எதையும் புழங்கலாம். ஸ்பீட்வே என்ற சொல்லை ஒதுக்கவும் வேண்டாம், ரசிகர்கள் சொல்லும் பெயர் அது. ஹீட் என்பதற்கு ‘ஓட்டம்’ போதும். மீட்டிங் என்பதைக் கூட்டம் என்று பெயர்த்துவிடக் கூடாது. ‘பந்தய இரவு’ என்பதே சரி. புரமோட்டரை ‘நடத்துநர்’ என்றால் பேருந்துதான் ஞாபகம் வரும், ‘கழக உரிமையாளர்’ என்று எழுதலாம். அப்புறம், செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வுல்வர்ஹாம்ப்டன் கழகம் ‘மூடப்பட்டது’ என்று மொட்டையாக எழுதினால், கூட்டம் வராமல் கடையைக் கட்டிவிட்டார்கள் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். ‘2023 பருவத்தோடு தடத்தை இழந்தது’ என்று எழுதுங்கள், நடந்தது அதுதான்.