நியாயமான சந்தேகம்

‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று நாளிதழில் படித்தால், நீதிபதி ஏதோ பாவம் பார்த்து விட்டுவிட்டார் என்றே தோன்றும். ‘அளித்து’ செய்கிற வேலை அது. உண்மையில், குற்றத்தை ‘நியாயமான சந்தேகத்துக்கு’ இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. அதில் ஓட்டை விழுந்தால் விடுதலை என்பது உரிமை, தயவு அல்ல.

ஆங்கிலத்தில் ‘ரீசனபிள் டவுட்’. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீதிமன்றங்களில் நிலைபெற்ற தொடர். சட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் விட்மன் இதன் வேரைக் கிறித்தவ இறையியலில் தேடுகிறார்: நிரபராதியைத் தண்டித்தால் தீர்ப்புச் சொன்னவரின் ஆன்மாவுக்கே கேடு என்ற அச்சம். தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்களில் ஒருவர் ‘ஜூரர்’. அந்தச் சொல்லுக்கே சத்தியம் செய்தவர் என்றுதான் பொருள். ஆக, இந்த விதி முதலில் இரக்கப்பட்டது கூண்டில் நின்றவர் மேல் அல்ல, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர் மேல்!

சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்கிரி மென்’ (1957) படத்தில் இரக்கமா, காரணமா என்ற இந்தக் குழப்பம் முழுக்க இருக்கிறது. தந்தையைக் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் மீது வழக்கு, தண்டனை மரணம். முதல் வாக்கெடுப்பில் 12 ஜூரர்களில் 11 பேர் ‘குற்றவாளி’ என்கிறார்கள். மறுக்கும் 8ஆம் எண் ஜூரர் முதலில் பேசுவது பையன் அடிபட்டு வளர்ந்த கதையைத்தான். யாரும் அசையவில்லை. அபூர்வம் என்று எல்லோரும் நம்பிய கொலைக் கத்திக்கு அச்சு அசலாக இன்னொன்றை அவர் மேசையில் குத்தி நிறுத்தும்போதுதான் அறையே அதிர்கிறது.

அதற்காக எல்லா மனமாற்றமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 9ஆம் எண் முதியவர் மாறுவது, தனியாளாக நின்றவர் மேல் வந்த மதிப்பால். 7ஆம் எண்ணுக்குக் கையில் பேஸ்பால் டிக்கெட் இருக்கிறது. அலுத்துப்போய்க் கட்சி மாறுகிறார். பையனுக்கு அதுவும் ஆதாயமான வாக்குதான். ஆனாலும் ஏற்கெனவே அந்தப் பக்கம் வந்துவிட்ட 11ஆம் எண், கடிகாரம் செய்பவர், அவரை விடவில்லை. ஏன் மாறினாய், காரணம் சொல் என்று மல்லுக்கு நிற்கிறார். ‘ரீசனபிள்’ கேட்பது அந்தக் காரணத்தைத்தான்.

தமிழில்? ‘ஐயம்’ எனலாம். ஆனால் ‘ஐயமிட்டு உண்’ என்கிறது ஆத்திசூடி, ஐயம் பிச்சையும்கூட. மறுபடி கருணை வாடை. ‘தெளிந்தான்கண் ஐயுறவும்’ என்று வள்ளுவர் ஆளும் ‘ஐயுறவு’க்கு அந்தச் சிக்கல் இல்லை. எழுத்தில் ‘காரணமுள்ள ஐயுறவு’ என் தேர்வு. பேச்சில் ‘நியாயமான சந்தேகம்’ இருந்துவிட்டுப் போகட்டும். செய்தியில் ‘சந்தேகம் தீராததால் விடுதலை’ என்று போட்டால் சரி.